உயிரியல் படிக்கக் கடன் வாங்கலாமா? வேஸ்ட் ஷீட்டில் போட்ட கணக்கு

போன வருடம் ஜூன் மாதம், நீட் ரிசல்ட் வந்த மூன்றாம் நாள் சிவகாசிக்குப் போயிருந்தேன். அண்ணன் மகள் பாப்பாவுக்கு 720-க்கு 391. பிளஸ் டூவில் 600-க்கு 528. இரண்டுமே மோசமில்லாத மதிப்பெண்தான், ஆனால் அரசு மருத்துவக் கல்லூரி வாசலுக்கு அது போதாது. அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மதினி மோர் கொடுத்தார். அண்ணன் ஒரு பளபளப்பான புத்தகத்தை மேஜையில் வைத்தார். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பி.டெக் பயோடெக்னாலஜி விளக்கப் புத்தகம். அட்டையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நீலத் திரவம் நிறைந்த குடுவையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உங்க பேங்க்ல பத்து லட்சம் லோன் கிடைக்குமா?"

அந்த நீலம் அநேகமாக மயில்துத்தக் கரைசல். பயோடெக் ஆய்வகத்தில் பெரும்பாலும் கையாள்வது நிறமே இல்லாத, கண்ணுக்குத் தெரியாத துளிகள்தான். இதை அப்போது சொல்லவில்லை.

நான் படித்தது பாட்டனி. வேலை பார்ப்பது வங்கியில், கடன் பிரிவில். கல்விக் கடன் கேட்டு வரும் பிள்ளைகளையும், ஆறேழு வருடம் கழித்து நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அவர்களின் அப்பாக்களையும் ஒரே நாற்காலியிலிருந்து பார்க்கிறவன். அதனால் "கிடைக்கும்" என்று சொல்லும் முன் ஒரு தாள் கேட்டேன். அண்ணன் ஆஃப்செட் அச்சகத்தில் இருப்பவர், வீட்டில் தாளுக்குப் பஞ்சமில்லை. முருகன் படம் மங்கலாக விழுந்த காலண்டர் வேஸ்ட் ஷீட் ஒன்றைப் பின்பக்கம் திருப்பிப் போட்டார். இந்தக் கட்டுரை அந்தத் தாளில் போட்ட கணக்குதான், கொஞ்சம் விரித்து.

முதலில் கடன் எப்படி வளர்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பொதுத்துறை வங்கிகளின் கல்விக் கடனில் 4 லட்சம் வரை நம் பங்காக எதுவும் போட வேண்டாம், சொத்துப் பிணையும் வேண்டாம். அதற்கு மேல் 7.5 லட்சம் வரை ஐந்து சதவீதம் நாம் போட வேண்டும், சொத்து கேட்க மாட்டார்கள். 7.5 லட்சத்தைத் தாண்டினால் வீட்டுப் பத்திரம். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். இந்த "கட்ட வேண்டாம்" என்பதை "வட்டி இல்லை" என்று பலர் கேட்டுக்கொள்கிறார்கள். வட்டி உண்டு. முதல் வருடம் கல்லூரிக்குப் பணம் அனுப்பிய நாளிலிருந்தே ஓடுகிறது.

வேஸ்ட் ஷீட்டில் 10.5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டேன். நான்கு வருடப் படிப்பு, வருடத்துக்கு 2.5 லட்சம், மொத்தம் 10 லட்சம். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. சாதாரண வட்டியாகவே போட்டாலும் 3.67 லட்சம் ஏறிவிடுகிறது. தவணை தொடங்கும் நாளில் கடன் 13.67 லட்சம். பத்து வருடத்தில் கட்டுவதென்றால் மாதம் 18,450 ரூபாய். பதினைந்து வருடமாக இழுத்தால் 15,100, ஆனால் கடைசியில் கட்டி முடிப்பது 27 லட்சத்தைத் தாண்டும்.

அண்ணன் 18,450-ஐ இரண்டு முறை அடிக்கோடிட்டார். அச்சகத்தில் டைரி சீசனில் ஓவர்டைம் பார்த்தாலும் அதில் பாதியை மிச்சம் பிடிப்பது கஷ்டம்.

வட்டி மானியம் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து தொழிற்கல்வி படித்தால், படிக்கும் காலமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் சேரும் வட்டியை மத்திய அரசே ஏற்கிறது. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் அங்கீகாரமோ, பாடத்தின் தரத்தை மதிப்பிடும் என்.பி.ஏ அமைப்பின் அங்கீகாரமோ இருக்க வேண்டும். மருத்துவம் சார்ந்த படிப்பானால் அதற்குரிய கவுன்சிலின் ஒப்புதல் வேண்டும். 2024 நவம்பரில் ஒப்புதலான பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் 8 லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை உண்டு, ஆனால் பட்டியலில் உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. பி.டெக், நர்சிங் எல்லாம் தொழிற்கல்வி. சாதாரண பி.எஸ்ஸி அந்தக் கணக்கில் வராது. கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் பி.எஸ்ஸி படித்தால் முழு வட்டியும் நம் தலையில்தான்.

(கட்டும் வட்டியை வருமான வரியில் கழிக்கலாம் என்று கல்லூரி ஏஜென்ட் சொல்வார். வரியே கட்டாத அப்பாவுக்கு அதனால் என்ன பயன்?)

இனி உயிரியலின் பக்கம். இந்தப் படிப்பில் பணம் இல்லை என்று சொல்வது தப்பு. பணம் இருக்கிறது, தாமதமாக வருகிறது. பதினெட்டு வயதில் சேரும் பிள்ளை 21-ல் பி.எஸ்ஸி முடிக்கும். கடன் இருந்தால் 22-ல் தவணை தொடங்கும். எம்.எஸ்ஸி முடிவது 23-ல். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு தேறி, ஜே.ஆர்.எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும். 2023 முதல் இந்தத் தொகை. இரண்டு வருடம் கழித்து 42,000. முனைவர் பட்டம் முடிய 29, 30 ஆகும். அதற்குப் பிறகுதான் நிலையான வேலை என்ற பேச்சே. தவணைக்கு இந்த வயதுக் கணக்கெல்லாம் தெரியாது. எம்.எஸ்ஸிக்குப் போகிறேன் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துத் தவணையைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்கலாம், ஆனால் வட்டியைத் தள்ளிப்போட முடியாது. நான்கு வருடப் படிப்புக்கு 5 லட்சம் வாங்கி இரண்டு வருடம் தள்ளினால், 6.84 லட்சமாக நின்றிருக்க வேண்டிய கடன் 7.89 லட்சமாகி நிற்கும். தவணை 9,200-லிருந்து 10,600-க்கு ஏறும்.

என் கிளையில் ஒரு பையன் இருந்தான். பி.டெக் பயோடெக், நல்ல மதிப்பெண். எம்.டெக் போக ஆசை, தவணை விடவில்லை. மெடிக்கல் கோடிங் வேலைக்குப் போனான். அமெரிக்க மருத்துவமனைகளின் சிகிச்சைக் குறிப்பைப் படித்து நோய்க்கு ஒரு எண், சிகிச்சைக்கு ஒரு எண் போட வேண்டும். அந்த எண்களை வைத்துத்தான் அங்கே காப்பீட்டுப் பணம் வரும். உடற்கூறு தெரிந்த பிள்ளைகளுக்கு நல்ல நுழைவாயில்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அதே வரிசையில் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி ஜூவாலஜி முடித்தவர். சம்பளம் இருவருக்கும் ஒன்று. ஒருவருக்கு மாதம் ஐந்தாம் தேதி தவணை பிடிப்பார்கள், இன்னொருவருக்கு இல்லை. அந்த வருடங்களில் என் மேஜைக்கு வந்த சம்பளச் சீட்டுகளில் கோடிங் தொடக்கச் சம்பளம் பதினைந்தாயிரத்தைச் சுற்றியே இருந்தது.

ஆகவே படிப்புகளைத் தரவரிசைப்படி ஒப்பிடுவதை விட்டுவிட்டு, சம்பளம் எப்போது வரும் என்பதை வைத்து ஒப்பிடச் சொன்னேன். பட்டம் கையில் வந்த வருடமே சம்பளம் தரும் படிப்புக்கு அளவாகக் கடன் வாங்கலாம். ஐந்தாறு வருடம் காத்திருக்க வைக்கும் படிப்பைக் கடனில்லாமல்தான் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கில் பி.டெக் பயோடெக் எங்கே நிற்கிறது? நடுவில், அசௌகரியமான இடத்தில். பாப்பா எடுத்தது ப்யூர் சயின்ஸ் குரூப், கணிதம் இல்லை. பொறியியல் கவுன்சிலிங்கில் கட்-ஆஃப் கணிதம், இயற்பியல், வேதியியலை வைத்துத்தான். அதனால் அண்ணா பல்கலைக்கழகம், அதன் கீழுள்ள கல்லூரிகள், முதல் பட்டதாரிக்கு வருடம் 25,000 ரூபாய் கட்டணச் சலுகை எல்லாம் அவளுக்கு அடைத்த கதவு. பயோ-மேத்ஸ் எடுத்து, கவுன்சிலிங்கில் நல்ல கல்லூரி கிடைக்கிற பிள்ளைக்கு நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். இன்ஜினியரிங் பட்டம் என்பதால் ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கேம்பஸில் எடுக்கிறார்கள், அதுவே ஒரு காப்பு. (எடுத்த பிறகு நான்கு வருடம் படித்த செல்லும் டி.என்.ஏ-வும் எதற்கு என்று கேட்கக் கூடாது.) பாப்பாவுக்குத் திறந்திருந்தது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் மட்டும், அதன் விலை வீட்டுப் பத்திரம். மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்குக் கடன் கொடுக்கவே வங்கிகள் தயங்கும் என்பது தனிக் கதை.

பயோடெக் வேலைகள் இருப்பது உண்மை. ஹைதராபாத் ஜீனோம் வேலி, பெங்களூரு, கொஞ்சம் சென்னை தரமணியில் டைசல் பயோ பார்க். ஆனால் அங்கே ஆராய்ச்சிப் பிரிவின் கதவைத் தட்டவே எம்.எஸ்ஸியோ எம்.டெக்கோ கேட்கிறார்கள். பி.டெக்கோடு போனால் கிடைப்பது உற்பத்தி, தரக்கட்டுப்பாடு.

தரக்கட்டுப்பாடு என்றால் என்ன என்று அண்ணனுக்குத் தெரியவில்லை. மருந்துக் கம்பெனியில் மைக்ரோபயாலஜிஸ்டாக இருந்த என் வகுப்புத் தோழனின் ஒரு நாளைச் சொன்னேன். கண் மட்டும் தெரியும்படி உடுப்பு மாட்டிக்கொண்டு சுத்த அறைக்குள் போவான். நுண்ணுயிர் வளரும் அகர் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டுகளை மூடி திறந்து குறிப்பிட்ட இடங்களில் நான்கு மணி நேரம் வைப்பான். பிறகு மூடி, இன்குபேட்டரில் அடுக்கி, சில நாள் கழித்து எடுத்து, முளைத்திருக்கும் புள்ளிகளை மார்க்கர் பேனாவால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவான். எண்ணிக்கை ஏறியிருந்தால் அன்று ஆலையே பரபரக்கும். ஏறாமல் இருந்தால் அவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. மூன்று ஷிப்ட். அவனுக்குப் பிடித்திருந்தது. அவன் படித்தது பி.எஸ்ஸி மைக்ரோபயாலஜி, பி.டெக் இல்லை.

தனியார் கலைக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி பயோடெக், மைக்ரோபயாலஜி மூன்று வருடத்துக்கு இரண்டு லட்சம் ஆகிறதென்று வைத்தால், கடன் வளர்ந்து 2.63 லட்சமாகும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் 5,650. சின்னக் கடன்தான். ஆனால் பட்டத்தின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு, சேரும்போது யாரும் சொல்வதில்லை. பள்ளி ஆசிரியர் பணிக்கு பாட்டனி, ஜூவாலஜி என்று கேட்பார்கள். பட்டத்தில் வேறு பெயர் இருந்தால், அது இணையான படிப்பு என்று அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டும். இந்திய வனப்பணித் தேர்வின் தகுதிப் பாடங்களில் தாவரவியலும் விலங்கியலும் பெயர் சொல்லி இருக்கின்றன, பி.எஸ்ஸி பயோடெக்னாலஜியோ மைக்ரோபயாலஜியோ இல்லை. புதுப் பெயருக்காகக் கூடுதல் பணம் கட்டி, பழைய பெயருக்குத் திறக்கும் கதவுகளை இழப்பது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

சரி, உடனே சம்பளம் தரும் படிப்புகள். நீட் இல்லாமல் பிளஸ் டூ கட்-ஆஃப் வைத்தே சேரக்கூடிய நல்லவை தமிழ்நாட்டில் சில இருக்கின்றன: மாநில ஒதுக்கீட்டில் கால்நடை மருத்துவம், மீன்வளம், வேளாண்மை. மூன்றுக்கும் போட்டி கடுமை. 528-க்குக் கால்நடை எட்டாது. வேளாண்மையில் தனியார் பக்கம் போனால் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) அங்கீகாரம் உள்ளதா என்று பார்க்காமல் பணம் கட்டவே கூடாது. அடுத்து பி.எஸ்ஸி நர்சிங், எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம்), ரேடியாலஜி, டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் டெக்னாலஜி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருபவை, மருத்துவமனை ஒட்டிய கல்லூரி என்றால் கை பழகும். பஸ் ஸ்டாண்ட் மாடியில் "பாராமெடிக்கல்" போர்டு மாட்டியிருக்கும் இடங்களை நான் சொல்லவில்லை.

நர்சிங்குக்கு ஹாஸ்டலோடு நான்கு வருடத்துக்கு 4 லட்சம் என்று எழுதினேன். பிணை வேண்டாம், நம் பங்கும் வேண்டாம். அண்ணன் வருமானத்துக்கு வட்டி மானியம் கிடைக்கும். கிடைத்தால் பத்து வருடத் தவணை 5,400. கிடைக்காமல் போனாலும் 7,400. வரும்படி? தனியார் மருத்துவமனையில் தொடக்கம் குறைவுதான், அதை மறைக்கக் கூடாது. தமிழ்நாடு அரசின் தொகுப்பூதியச் செவிலியருக்கே 18,000 என்பதை எதிர்த்து அவர்கள் எத்தனை முறை தெருவுக்கு வந்தார்கள் என்று நமக்குத் தெரியும். ஆனால் எய்ம்ஸ் செவிலியர் பணிக்கு நடத்தும் நார்செட் தேர்வில் தேறினால் அடிப்படைச் சம்பளம் மட்டும் 44,900. பட்டமும் கவுன்சில் பதிவும் இருந்தால் 22 வயதிலேயே எழுதலாம். வெளிநாட்டு வாசலும் திறந்தே இருக்கிறது, அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனமே ஜெர்மன் மொழி சொல்லிக்கொடுத்து அனுப்புகிறது. 5,400 ரூபாய்த் தவணையை 18,000 சம்பளத்திலும் கட்டிவிடலாம். 18,450 தவணையை 18,000 சம்பளத்தில் எப்படிக் கட்டுவது?

மதினிக்கு இது பிடித்துவிட்டது. "நர்சிங்கே சேத்துரலாம்" என்றார். அதுவரை கதவோரம் நின்ற பாப்பா முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"சித்தப்பா, அரசுக் கல்லூரி ஜூவாலஜி பத்தி நீங்க ஒண்ணுமே சொல்லல."

சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் என் சொந்தக் கதை. 2001-லிருந்து 2004 வரை பாட்டனி, பிறகு எம்.எஸ்ஸி, பிறகு பி.எட். மூன்றுக்கும் சேர்த்துக் கல்லூரிக் கட்டணம் முப்பதாயிரம்கூட வந்திருக்காது. கடன் ஒரு ரூபாய் இல்லை. ஆனால் 2010-ல் வங்கி எழுத்தர் தேர்வு தேறும் வரை டியூஷன் சென்டரில் மாதம் 2,500-க்கு ஓடினேன். அந்தத் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். பாட்டனி எனக்குக் கொடுத்தது கிளைக் காம்பவுண்டில் முளைக்கும் குப்பைமேனிக்கும் கீழாநெல்லிக்கும் லத்தீன் பெயர் சொல்லத் தெரிவது. காவலாளி மட்டும் ரசிப்பார். கட்டணம் இல்லாத படிப்பிலும் செலவு இருக்கிறது, அது வருடக் கணக்கில் போகும். மாதம் பதினைந்தாயிரம் சம்பாதித்திருக்கக்கூடிய ஐந்து வருடம் என்றால் ஒன்பது லட்சம். அந்தப் பத்து லட்சம் கடனுக்கு ரொம்பத் தூரம் இல்லை.

இருந்தாலும் கணக்கைப் போட்டோம். அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் வருடத்துக்குச் சில ஆயிரம். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். 2022-ல் அரசுப் பள்ளி மாணவிகளுக்கென்று தொடங்கியது, 2024 டிசம்பரில் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள், அதனால் இவளுக்கும் உண்டு. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் அதே தொகையைத் தருகிறது. ஆக, கட்டுவதைவிட வாங்குவது அதிகம். விண்ணப்பத்தை மே மாதமே 50 ரூபாய் கட்டிப் போட வைத்திருந்தேன். அரசுக் கல்லூரி விண்ணப்பத் தேதி நீட் முடிவுக்கு முன்பே முடிந்துவிடுவதுண்டு. "டாக்டர் சீட் வரும்போது இது எதுக்கு" என்று இருந்துவிட்டு, ஜூனில் தனியார் கல்லூரியைத் தவிர வேறு வழியில்லாமல் நிற்கும் குடும்பங்களை வருடா வருடம் பார்க்கிறேன்.

அதற்கு மேல் என்ன? பி.எஸ்ஸி மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மரக்காணம் பக்கம் இறால் குஞ்சு பொரிப்பகங்களில் ஆய்வகப் பணி, கோடிங், மருந்து விற்பனைப் பிரதிநிதி, குரூப் தேர்வுகள். குரூப் 4-ல் இளநிலை உதவியாளர் சம்பளம் 19,500-ல் தொடங்குகிறது, அதற்குப் பத்தாம் வகுப்பே போதும். பி.எட். முடித்து, தகுதித் தேர்வும் போட்டித் தேர்வும் தேறினால் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400. எம்.எஸ்ஸியும் பி.எட்.டும் இருந்தால் முதுநிலை ஆசிரியருக்கு 36,900. அந்த 500 ரூபாய் வித்தியாசத்துக்கு இரண்டு வருடமா என்று கேட்காதீர்கள், நானும் கேட்டுப் பார்த்தவன். முனைவர் பட்டம் வாங்கிவிட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக 25,000-க்கு நிற்பவர்கள் ஒரு பட்டாளமே இருக்கிறார்கள். யு.ஜி.சி. சொன்ன உச்சம் 50,000. அதே துறையில் நிரந்தர உதவிப் பேராசிரியரின் அடிப்படைச் சம்பளம் 57,700-ல் தொடங்குகிறது. ஒரே வகுப்பறை, ஒரே பாடம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பாப்பா எழுந்து போய் ஒரு சின்ன லென்ஸை எடுத்து வந்தாள். அச்சகத்தில் கலர் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கும் மடக்குக் கண்ணாடி. காணாமல் போய்விட்டது என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தாராம். ஒரு கண்ணாடி டம்ளரில் பின்பக்கத் தொட்டித் தண்ணீரை மொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். கொசுப் புழுக்கள்.

"இது வால் பக்கம் இருக்கிற குழாயை மேல நீட்டித் தலைகீழா சாய்ஞ்சு தொங்குது பாருங்க. இன்னொரு சாதி இருக்கு, அதுக்குக் குழாய் கிடையாது, தண்ணி மட்டத்துக்கு ஒட்டினாப்ல படுத்துக் கிடக்கும். அது அனாஃபிலஸ், மலேரியாக் கொசு. நம்ம தொட்டியில இது வரைக்கும் வரல. மாடி டேங்க்ல ஒரு தடவை பாத்தேன்."

லென்ஸை வாங்கிப் பார்த்தேன். மட்டத்துக்குக் கீழே சாய்ந்த கோடுகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. டம்ளரை விரலால் தட்டியதும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய், கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்து மறுபடி குழாயை ஒட்டிக்கொண்டன. பாடப்புத்தகத்தில் இரண்டு வரியில் இருப்பதை இவள் தொட்டியில் வாரக் கணக்கில் பார்த்திருக்கிறாள்.

என் கணக்கு மாறவில்லை. ஆனால் அதில் ஒரு வரி சேர்ந்தது. சம்பளம் தாமதமாக வரும் பாதையில் கடைசி வரை நடப்பவர்கள் இந்த மாதிரிப் பிள்ளைகள்தான். என்னைப் போல "மெடிக்கல் கிடைக்கல, அதனால பாட்டனி" என்று போனவர்கள் பாதியில் இறங்கிவிடுவோம். அவளுக்குப் பாதையும் இருக்கிறது. புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் பொதுச் சுகாதாரப் பூச்சியியலில் எம்.எஸ்ஸி நடத்துகிறது, ஜூவாலஜி பட்டம் போதும். கொசுவையே படிக்கலாம். பயோடெக்னாலஜி எம்.எஸ்ஸிதான் வேண்டுமென்றால் காட்-பி தேர்வு எழுதி, அதில் பங்கேற்கும் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் மாதம் 5,000 உதவித்தொகை. 1980-களில் நாட்டில் முதன்முதலாக பயோடெக் முதுகலை தொடங்கிய சில இடங்களில் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் ஒன்று. ஐ.ஐ.டி.களுக்கு ஜாம் தேர்வு. இதற்கெல்லாம் பி.டெக் தேவையில்லை, பத்து லட்சமும் தேவையில்லை. இதைத்தான் அண்ணனுக்குப் புரிய வைக்க ஒரு மணி நேரம் ஆனது: ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு முதல் பட்டத்தில் செலவழிக்கும் பணத்துக்குப் பெரிய பலன் இல்லை, மேலே போகப் போக அவர்களே பணம் கொடுத்துப் படிக்க வைக்கிறார்கள்.

நான் சொன்ன தீர்ப்பு வேறு. எம்.எல்.டி. சேரச் சொன்னேன். மூன்று வருடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும். மைக்ரோஸ்கோப் இருக்கிறது, ரத்தப் பூச்சில் மலேரியா ஒட்டுண்ணியைத் தேடலாம், முடித்ததும் எந்த ஊரிலும் வேலை. கடனும் 4 லட்சத்துக்குள். ஜூவாலஜி எடுத்தால் 21 வயதில் ஒரு முடிவு நாள் குறித்துக்கொள்ள வேண்டும், எம்.எஸ்ஸி நுழைவுத் தேர்வில் நல்ல இடம் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸில் பி.எட்.டோ பரிட்சையோ, வருடங்களைக் கரைக்கக் கூடாது என்றேன். இன்னொரு வருடம் நீட் கோச்சிங் போகலாமா என்று மதினி மெதுவாகக் கேட்டதற்கு, 391-லிருந்து எவ்வளவு ஏற முடியும் என்று பாப்பாவே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், வேண்டாமென்று.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் போன் செய்தார். பத்திரத்தை பீரோவில் திரும்ப வைத்துவிட்டாராம். பாப்பா பக்கத்து ஊர் அரசுக் கல்லூரியில் ஜூவாலஜி சேர்ந்துவிட்டாளாம். நான் சொன்ன எம்.எல்.டி.யைக் கேட்கவில்லை. அந்த முடிவு நாளை மட்டும் கேட்டுக்கொண்டு, காலண்டர் போட்டோவுக்குப் பக்கத்தில் 2028 என்று எழுதி ஒட்டியிருக்கிறாளாம்.

"செலவுக் கணக்கை நீ போட்ட அதே ஷீட்ல மேல எழுதிட்டேன் தம்பி" என்று வாசித்துக் காட்டினார். கட்டணம், பரிட்சை ஃபீஸ், ரெக்கார்டு நோட்டு, டிசெக்ஷன் பாக்ஸ், வெள்ளைக் கோட்டு. கடைசி வரியில் பஸ் என்று எழுதியிருந்தாராம். பெண் பிள்ளைகளுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பது எழுதிய பிறகுதான் நினைவுக்கு வந்திருக்கிறது. அடித்துவிட்டு எதிரே ஒரு சைபர் போட்டிருக்கிறார்.